புதுத்தண்ணிக் கொசு

மதுரை வண்டியூரில் அப்பத்தா வீட்டுக் கிணற்றுக்கு அந்த மீன்கள் வந்தது சைக்கிளில். 1987-இல் பேரனுக்குப் பதினோரு வயது. கேரியரில் கட்டிய வெள்ளைக் கேனோடு சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாசலில் நின்றார். கேனுக்குள் சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பத்துப் பதினைந்து மீன்கள். அப்பத்தா கிணற்று மேடையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கிற கெணத்துல மீன விட்டா தண்ணி கவிச்சி அடிக்காதாய்யா?"

"அடிக்காது ஆத்தா. இது கொசுப்புழுவத் தின்னுரும்."

"எந்த ஊரு மீனு?"

"அமெரிக்கா மீனு ஆத்தா. கம்பூசியா."

"ஏன், நம்ம கம்மா மீனுக்குப் பல்லு இல்லையாக்கும்?"

பணியாளர் சிரித்துக்கொண்டே கேனைச் சாய்த்துவிட்டுப் போனார். அடுத்த ஒரு வாரம் வாளி இறைக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு மீன் மேலே ஏறி வந்தது. அதைப் பிடித்துத் திரும்பக் கிணற்றுக்குள் போடுவது அவன் வேலை. வாளியோடு மேலே வருவதும் கயிறில்லாமல் கீழே போவதுமாக அந்த அமெரிக்க மீன்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவை வந்த வழி அவனுக்குத் தெரிந்தது பின்னாளில்தான். அமெரிக்காவின் தென்பகுதியில் ஓடைகளிலும் குட்டைகளிலும் கிடந்த மீன் அது. 1905-இல் டெக்சாஸிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறியது. 1921-இல் ஸ்பெயின், அங்கிருந்து இத்தாலி. மலேரியா மிகுந்த இத்தாலியின் சதுப்பு நிலங்களில் அதற்கு நல்ல பெயர் கிடைக்க, 1928-இல் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. அதற்கும் முன்பே, அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தென் அமெரிக்காவின் கப்பி மீன் நம் ஊருக்கு வந்துவிட்டது. இரண்டும் குட்டி போடும் மீன்கள். முட்டை போட்டு, அது பொரிந்து, மற்ற மீனுக்குத் தப்பிப் பிழைக்க வேண்டும் என்ற கவலை கிடையாது. மாதம் ஒரு ஈடு குட்டி. வளர்ந்த கம்பூசியா ஒரு நாளைக்கு 100 முதல் 300 கொசுப்புழு வரை தின்னும், கப்பி 80 முதல் 100 வரை என்பது அரசின் கொசு ஒழிப்புக் கையேடுகள் சொல்லும் கணக்கு. தண்ணீர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கப்பி தாக்குப்பிடிக்கும். சாக்கடையோரம் கப்பி, கிணற்றுக்குக் கம்பூசியா என்று வேலை பிரிந்தது அதனால்தான்.

கிணற்றில் மீன் இருந்தும் அந்த வருடம் கொசு குறையவில்லை. குறையாது என்று அப்பத்தா முன்பே சொல்லியிருந்தாள். அவள் கணக்கு வேறு. ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வரத் தொடங்கியதும், "புதுத்தண்ணி வந்த ஒரு மாசம் கடிக்கத்தான் செய்யும். அப்புறம் பாரு" என்பாள். அவன் பார்த்தான். மார்கழியில் கரையோரம் நிற்கும்போது முன்னளவு கடி இல்லை. குளிர் வந்ததால் குறைந்தது என்று அப்பா சொன்னார். அப்பத்தா அதை ஏற்கவில்லை. தண்ணீர் பழசாகிவிட்டதாம்.

தண்ணீர் பழசாவது என்றால் என்ன? வளர்ந்து ஆசிரியராகிவிட்ட அவர் இப்போது வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கண்மாயில் மழை விழுந்ததும் முதலில் வந்து சேர்வது கொசு. முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க அதற்கு ஏழெட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள் போதும். அதைத் தின்பவர்களுக்கு அந்த அவசரம் கிடையாது. கால்வாய் வழியாக மீன் வந்து சேர வேண்டும். தட்டான் வந்து முட்டையிட்டு, அது வளர வேண்டும். தண்ணீர்ப் பூச்சிகள் வேறு குளத்திலிருந்து பறந்து வர வேண்டும். அந்த இடைவெளிதான் கொசுவின் பண்டிகைக் காலம். அதற்குப் பெயர் வைக்காமலே அப்பத்தா அதை அறிந்திருந்தாள்.

அவள் கேட்ட பல் விஷயத்தை அவன் விடவில்லை. மடைவாய்க்கு அருகே, இடுப்புத் துண்டை இரண்டு பேர் விரித்துப் பிடித்து வாரினால் அயிரையும் கெண்டைக் குஞ்சும் கிடைக்கும். அயிரையைக் கண்டால் மதுரைக்காரன் கை அனிச்சையாகக் குழம்புச் சட்டியைத் தேடும். அதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. கூடவே, யாரும் சீந்தாத ஒரு பொடி மீன் வரும். தட்டையான தலை, மேல் நோக்கிய வாய், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் ஒரு மினுக்கம். எப்போதும் நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும். மலையாளத்தில் இந்த இனத்துக்கு மானத்துக்கண்ணி, அதாவது வானத்தைப் பார்க்கும் கண்ணுடையது, என்று பெயர் இருப்பதை அவர் பின்னர் தெரிந்துகொண்டார். விலங்கியல் பெயர் அப்லோகைலஸ்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்று பொட்டு மீன்களைப் போட்டான். மாட்டுக் கொட்டகைத் தொட்டியில் நெளிந்த கூத்தாடிப் புழுக்களைக் கொட்டாங்குச்சியால் மொண்டு, எண்ணி நாற்பதை உள்ளே விட்டான். கூத்தாடிக்கு மூச்சுக்குழல் வாலில் இருக்கிறது. காற்றுக்காகத் தலைகீழாக நீர்மட்டத்தில் தொங்கியே ஆக வேண்டும். பொட்டு மீனின் வாய் திறப்பது மேல் பக்கம். ஒன்றுக்காகவே மற்றது செய்ததுபோல் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பாட்டிலில் நாற்பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பசித்த மீனைப் பாட்டிலில் அடைத்து வைத்து எடுத்த கணக்கு கண்மாய்க்குப் பொருந்தாது என்பது அந்த வயதில் தெரியாது. பல் இருக்கிறது என்பது மட்டும் உறுதியானது.

கம்பூசியாவுக்கும் பல் இருந்தது, அதுதான் சிக்கல். அது கூத்தாடியோடு நிறுத்திக்கொள்வதில்லை. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை, தண்ணீர்ப் பூச்சி என்று வாய்க்கு அடங்கியதையெல்லாம் தின்னும். தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பைக்கூடக் கடித்து விரட்டும். கொசுவைத் தின்னும் உள்ளூர்க்காரர்களையே தின்றுவிட்டால் லாபம் கொசுவுக்குத்தானே என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்தது. 1982 வாக்கில் உலகச் சுகாதார நிறுவனம் அந்த மீனைப் பரிந்துரைப்பதை விட்டது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. 1952-இல் இந்தியாவுக்கு வந்து, நம் கண்மாய்களில் ஜிலேபி என்ற செல்லப் பெயரோடு உட்கார்ந்துகொண்ட திலேப்பியாவும் அதே பட்டியலில்தான். மூடிய கிணற்றுக்குள் கம்பூசியாவை விடுவதில் பெரிய தீங்கில்லை. கிணறு நிரம்பி வாய்க்காலில் வழிகிற ஊர்களில் அப்படிச் சொல்ல முடியாது.

வண்டியூருக்குத் தவளையோடு ஒரு பழைய உறவு உண்டு. சித்திரைப் பௌர்ணமிக்கு வைகையில் இறங்கும் அழகர் அன்றே வண்டியூர் வந்து தங்குவார். மறுநாள் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுப்பார். சுதபஸ் என்ற முனிவர் தவத்தில் ஆழ்ந்து துர்வாசர் வந்ததைக் கவனிக்காமல் விட, அவர் தவளையாகப் போகச் சபித்தார் என்பது கதை. சிறுவனுக்கு இதில் தீராத சந்தேகம் ஒன்றிருந்தது. தவளையாக இருப்பது அவ்வளவு பெரிய தண்டனையா? மழை விழுந்ததும் பெரிய தவளைகள் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வயலோரம் கூடிக் கத்துவதைப் பார்த்தால் சாபம் வாங்கியவர்கள் மாதிரித் தெரியவில்லை. அந்தப் பெரிய தவளையின் தலைப்பிரட்டை, பாசி சுரண்டித் தின்னும் மற்றப் பிரட்டைகளைப்போல் சாதுவல்ல. கூத்தாடியைத் தின்னும், கூடப் பிறந்ததையும் தின்னும். வெளிநாட்டு உணவு மேசைக்காக நாட்டின் வயல்களிலிருந்து தவளைகளைச் சாக்குச் சாக்காகப் பிடித்துக் காலை மட்டும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம். 1987-இல் அரசு அதைத் தடை செய்தது. அப்பத்தா கிணற்றுக்குக் கம்பூசியா வந்த அதே வருடம்.

1990-களின் கடைசியில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். நாகமலையடிவாரத்தில் வெயில் காயும் வளாகம். நூலகத்தில் ஒருநாள் 'ஹைட்ரோபயாலஜியா' என்ற நீருயிரியல் இதழின் பழைய தொகுப்பைப் புரட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரைக்காரர்கள் எழுதிய கட்டுரைகள். இளந்தும்பி ஒன்று கொசுப்புழுவைத் தின்று வயிறு நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று எஸ். மாதவன் 1976-இல் எழுதியிருந்தார். தண்ணீரின் வெப்பமும் இளந்தும்பியின் எடையும் அதன் கொசு வேட்டையை எப்படி மாற்றுகின்றன என்று டி. ஜே. பாண்டியனும் மாதவனும் ஜெயகோபாலும் 1979-இல் எழுதியிருந்தார்கள். எடுத்துக்கொண்ட தும்பி மணலில் புதைந்து வாழும் வகை. வைகை மணலில் விளையாடி வளர்ந்தவருக்கு, காலடியில் கிடந்த ஒன்று பன்னாட்டு இதழில் அச்சாகியிருப்பதைப் பார்த்த சந்தோஷம் சாமானியமானதல்ல.

தட்டானை வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாத பிள்ளை மதுரைப் பக்கம் இருக்க முடியாது. அதன் குழந்தைப் பருவம் தண்ணீருக்குள் என்பது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவருக்கும் கல்லூரி வரை தெரியாது. விடுமுறையில் கண்மாய்ச் சேற்றிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, நார்க்கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார். பழுப்பு நிறம், ஆறு கால், மண்ணாங்கட்டிபோல் ஓர் உருவம். கூத்தாடிகள் அதன் முதுகுக்கு மேல் ஆடின. கால் மணி நேரம் அது அசையவில்லை. பிறகு முகத்துக்கு அடியிலிருந்து ஏதோ வெளியே பாய்ந்து உள்ளே போனதுபோல் இருந்தது. என்ன நடந்தது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒரு கூத்தாடி குறைந்திருந்தது; மண்ணாங்கட்டி மென்றுகொண்டிருந்தது.

பாய்ந்தது அதன் கீழுதடு. முழங்கைபோல் மடித்து முகத்தடியில் வைத்திருக்கும். நுனியில் கொக்கி இருக்கும். நீட்டிப் பிடித்து இழுக்க ஒரு நொடியின் சிறு பங்கு போதும். குச்சியால் தொட்டபோது கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு ராக்கெட்போல் முன்னே பாய்ந்தது. பின்வாசல் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் வேலை அது. அதற்குச் செவுளும் அங்கேதான். மூச்சும் ஓட்டமும் ஒரே வாசலில் என்று சொன்னபோது அப்பத்தா முகத்தைச் சுளித்தாள். "கருமம்" என்றாள். ஆனால் கட்டிலோரம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மியான்மரின் யாங்கோனில் தட்டான் குஞ்சின் இந்த வேட்டையை வீட்டுக்கு வீடு பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நம் வயல்களிலும் பறக்கிற சிவப்புத் தட்டான் இனத்தின் குஞ்சுகளை வளர்த்து, மக்கள் உதவியோடு, மழைக்காலத்தில் வீட்டுத் தண்ணீர்ச் சாடிகளுக்குள் விட்டார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் சில வாரங்களில் பெரிதும் அடங்கிவிட்டன என்று 1990-இல் வந்த ஆய்வறிக்கை சொல்கிறது. மதுரையில் யாரும் தும்பிக் குஞ்சைக் குடத்துக்குள் விடச் சம்மதிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. மீனையே அரைமனதாக ஏற்றுக்கொண்ட ஊர் இது.

மதுரைக்குள்ளேயே, சின்னச் சொக்கிக்குளத்தில், கொசுவுக்காகவே ஒரு நிறுவனம் இருந்தது. 1985-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வயல் கொசு அவர்களுடைய முக்கியக் கவலை. இயக்குநராக இருந்த ரேச்சல் ரூபனும் சக ஆய்வாளர் விக்டரும் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு அவரை வெகுநாள் யோசிக்க வைத்தது. நெல் வயலில் யூரியாவைக் கூட்டக் கூட்ட, கொசுப்புழுவும் கூடியது. தழையுரம், தொழுவுரம் மாதிரியான இயற்கை உரம் போட்ட வயலில் அந்த அளவு பெருக்கம் இல்லை. வேட்டைக்காரனைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தவருக்கு, இரைக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி புதிது.

அப்பத்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தண்ணீரையும் நாலாக மடித்த வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டாமல் குடத்தில் ஊற்ற மாட்டாள். அவள் பிறந்தது கிழக்கே ஒரு வானம் பார்த்த ஊர். அங்கே படியிறங்கி மொள்ளும் ஊருணியில் அவளுடைய அண்ணனுக்கு நரம்புச் சிலந்தி வந்தது. கணுக்காலில் கொப்புளம் உடைந்து, நூலாகப் புழு வெளியே வரும். ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் கால் வீங்கிப் படுக்கைதான். அந்த நோயின் புழு, தண்ணீரில் புள்ளியளவு நீந்தும் சைக்ளாப்ஸ் என்ற உயிரிக்குள் ஏறித்தான் மனிதனுக்குள் போகிறது. துணியில் வடித்தால் சைக்ளாப்ஸ் தங்கிவிடும். தமிழ்நாட்டில் நரம்புச் சிலந்தி 1984-இல் ஒழிந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996-இல். அப்பத்தா அதற்குப் பிறகும் வடிகட்டினாள்.

அதே சைக்ளாப்ஸின் உறவினர்தான் வியட்நாமில் கதாநாயகன் ஆனது. மீசோசைக்ளாப்ஸ் என்ற அந்த வகை, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஏடிஸ் குஞ்சைக் கடித்துக் கொன்றுவிடும். தின்பதைவிடக் கொல்வது அதிகம். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும் உயிரியின் வெறி இது. ஆஸ்திரேலியரான பிரையன் கேயும் வியட்நாமின் வு சின் நாமும் 1993-இல் வட வியட்நாமின் ஃபன்பாய் கிராமத்தில் தொடங்கினார்கள். ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு அடுத்த வீட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். 2005-இல் 'லேன்செட்' இதழில் அவர்கள் எழுதியபோது, வேலை நடந்த 37 கம்யூன்களில் 32-இல் ஏடிஸ் எஜிப்தி ஒழிந்திருந்தது. நரம்புச் சிலந்தி அங்கே பிரச்சினையாக இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம். வேட்டித் துணியோடு நிற்கும் அப்பத்தாவிடம் போய், சைக்ளாப்ஸைக் குடத்தில் விடலாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இருந்திருக்காது.

2017-இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அப்போது அவர் ஆசிரியர். வகுப்பில் வரிசை வரிசையாக இடம் காலியாகக் கிடந்தது. நிலவேம்புக் குடிநீருக்குத் தெருமுனையில் கூட்டம். கண்மாயில் மீன் விடச் சொல்லி ஊரில் சிலர் மனு எழுதி, விலங்கியல் வாத்தியார் கையெழுத்து இருந்தால் எடுபடும் என்று கொண்டுவந்தார்கள். அவர் போடவில்லை. கண்மாயில் ஏடிஸ் கிடையாது என்று அவர் சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தக் கொசு வளர்வது மூடியில்லாத சின்டெக்ஸில், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டில், மொட்டை மாடி டயரில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த பீங்கானில். அங்கே எந்த மீன் போகும்? எந்தத் தும்பி முட்டையிடும்? "வாத்தியாருக்கு ஊர் மேல அக்கறை இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கோபம் அவர் காதுக்கு வர இரண்டு நாள் ஆனது. ஆற இரண்டு வருடம்.

அப்பத்தா இப்போது இல்லை. கிணறு தூர்ந்து, மேலே சிமென்ட் பலகை போட்டாகிவிட்டது. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் அவளுடைய கல்தொட்டி மட்டும் மிச்சம். போன ஐப்பசியில் பெய்த மழையில் அது அரையளவு நிரம்பியது. கொட்டிவிட வேண்டும் என்று நினைத்தபடியே பத்து நாள் ஓடியது. ஓர் இரவு டார்ச் அடித்துப் பார்த்தார். கூத்தாடிகள் இருக்க வேண்டிய இடத்தில் நெல்மணி அளவில் ஏழெட்டுப் பூச்சிகள் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. துடுப்புபோல் இரண்டு நீண்ட கால், வயிற்றோரம் வெள்ளிக் காற்றுப்படலம். நோட்டோனெக்டா குடும்பம். எங்கிருந்தோ இரவில் பறந்து வந்து, யாரும் அழைக்காமலே இறங்கியிருக்கின்றன. அடியில் இன்னொன்று: தட்டையான உடம்பு, முதுகு முழுக்க முட்டைகளைச் சுமந்துகொண்டு நிற்கும் ஆண் பூச்சி. இதுவும் கூத்தாடி தின்னிதான். பெண் அதன் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரியும்வரை சுமப்பது இதன் பாடு. டார்ச் மங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.

மறுநாள் காலையில் கொசுப்புழு பார்க்க வரும் பெண் வந்தார். கரண்டியால் மொண்டு பார்த்தார். மறுபடி மொண்டு பார்த்தார்.

"புழு இல்ல சார். ஆனா என்னென்னமோ பூச்சி நீந்துது."

"அதுகதாம்மா புழுவத் தின்னது."

"இருக்கட்டும் சார். தொட்டி ஓரத்துல முட்ட ஒட்டிக்கிட்டிருக்கும். காஞ்சாலும் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிஞ்சிரும். தேச்சுக் கழுவித்தான் ஆகணும்."

அந்தப் பெண் சொன்னது சரி. நீர்க்கோட்டுக்கு மேலே கல்லில் ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து பிழைக்கும்; மல்லாந்து நீந்துகிறவர்களால் அங்கே ஏற முடியாது. கல்தொட்டியைக் கவிழ்க்க ஆள் பத்தாது என்பதால் வாத்தியார் சொம்பால் இறைத்தார். பூச்சிகளைச் சல்லடையில் அள்ளி, மூடியுள்ள பெயின்ட் வாளியில் விட்டார். முட்டை சுமந்தது மட்டும் அகப்படாமல் இரண்டு சுற்று ஓடியது. அந்தப் பெண் தேங்காய் நாரால் கல்லைத் தேய்க்க உதவிவிட்டு, நிலைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வாளியை டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் வைத்துக்கொண்டு அவர் கண்மாய்க் கரைக்குப் புறப்பட்டார். தண்ணீர் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. மிதந்து வந்த ஆகாயத்தாமரை மடையோரம் ஒதுங்கிக் கிடந்தது. புதுத்தண்ணி. இறங்கி வாளியைத் திறப்பதற்குள் முழங்காலில் நான்கு இடத்தில் கடித்துவிட்டது.